பிராக்ஸ்மாக்ஸ் 8-இலிருந்து 9: பிங் ஓடினால் வலையமைப்புச் சோதனை முடிந்துவிடுமா?

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளின் 8.4 பதிப்பில், மூன்று நோடுகள் (சர்வர்கள்) கொண்ட கிளஸ்டரில் ஒரு நோடை மட்டும் 9-க்கு உயர்த்தியிருக்கிறீர்கள். ஒரு சோதனை மெய்நிகர் கணினியை லைவ் மைக்ரேஷன் மூலம், அதாவது அணைக்காமலேயே, அதற்கு நகர்த்தியபோது பிங் ஒரு பாக்கெட்டைக்கூடத் தவறவிடவில்லை. லினக்ஸும் விண்டோஸும் கலந்த மற்ற கணினிகளை இனி அங்கே கொண்டுபோகலாமா, வலையமைப்பைப் பொறுத்தவரை இந்தச் சோதனை போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. நீங்கள் செய்த சோதனை, புதிய நோடின் வலை அட்டை, பாண்ட் (பல கம்பிகளை ஒன்றாக்கும் இணைப்பு), பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்), விலேன் (ஒரே வலைக்குள் பிரித்த தனி வலை) ஆகியவை உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டுமே காட்டுகிறது. மேம்படுத்தலால் மெய்நிகர் கணினிக்கு உள்ளே என்ன மாறும் என்பதை அது தொடவே இல்லை. ஏனெனில் லைவ் மைக்ரேஷனில் நகர்ந்த கணினி, புதிய நோடில் ஓடினாலும், பழைய நோடில் எந்த வன்பொருள் அமைப்போடு துவங்கியதோ அதே அமைப்போடுதான் தொடர்ந்து ஓடுகிறது.

இந்த மேம்படுத்தலில் வலையமைப்பைத் தொடும் மூன்று அடுக்குகள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. முதலாவது இயங்குதளத்தின் கருவான கெர்னலும் அதிலுள்ள வலை அட்டை டிரைவர்களும்: 8.4-இன் இயல்பு கெர்னல் 6.8, 2025 ஆகஸ்டில் வந்த 9.0-இன் கெர்னல் 6.14, அதன்பின் வந்த 9.1-இல் அது 6.17. இரண்டாவது, பிராக்ஸ்மாக்ஸின் அடியிலுள்ள லினக்ஸ் டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாறுவதால் வரும், சேவைகளையும் சாதனப் பெயர்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி முதலான அடித்தளக் கருவிகள். மூன்றாவது, மெய்நிகர் கணினிகளை உண்மையில் ஓட்டும் நிரலான க்யூஎமு 10-உம் அது மெய்நிகர் கணினிக்குக் காட்டும் வன்பொருளும். ஏதேனும் ஒன்று பழுதானால் எந்த அடுக்கில் பழுது என்று பிரித்தறிய முடியாமல் போவதுதான் இத்தகைய மேம்படுத்தலின் உண்மையான தொல்லை. ஆகவே சோதனையின் நோக்கம், இந்த மூன்றையும் முடிந்தவரை தனித்தனியாக மாற்றிப் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

நல்ல வேளையாக, முதல் அடுக்கைப் பிரிப்பது எளிது. 8.4-இலேயே 6.14 கெர்னலை விருப்பத் தேர்வாக நிறுவ முடியும். இன்னும் மேம்படுத்தாத இரண்டு நோடுகளில் ஒன்றைக் காலி செய்து, அந்தக் கெர்னலை மட்டும் நிறுவி மறுதுவக்கம் செய்யுங்கள். மற்ற அனைத்தும் 8.4-ஆகவே இருக்கட்டும். அட்டைப் பெயர் மாறியதா, பாண்ட் முழுமையாக எழுந்ததா, வேகம் குறைந்ததா என்பவற்றுக்கான விடை இங்கேயே கிடைத்துவிடும். பிடிக்காவிட்டால் பழைய கெர்னலில் துவக்கிக்கொள்ளலாம். பிராக்ஸ்மாக்ஸின் பூட் டூலில் ஒரு குறிப்பிட்ட கெர்னலை நிலைநிறுத்தி வைக்கும் வசதி உண்டு. ஏற்கெனவே உயர்த்திவிட்ட நோடிலும் இதே வசதியைக் கொண்டு இரண்டு கெர்னல்களுக்கு இடையே மாறிப் பார்க்கலாம்.

கெர்னல் மாறும்போது நிகழ்வதில் மிகவும் அறியப்பட்டது அட்டைப் பெயர் மாற்றம். சிஸ்டம்டி தரும் பெயர்கள் நிலையானவை என்று நாம் நம்பினாலும், டிரைவர் கூடுதலாக ஒரு தகவலைச் சொல்லத் தொடங்கினால் பெயரின் வாலில் அது ஒட்டிக்கொள்ளும். 6.8 கெர்னல் வந்தபோது சில 10 ஜிகாபிட் அட்டைகளின் பெயர் இறுதியில் ‘என்பி0’ என்று நீண்டது இப்படித்தான். அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருக்கும்; பிரிட்ஜ் எழும், ஆனால் அதனுள் ஒரு போர்ட்டும் இருக்காது; நோடு வெளியுலகத்துக்குக் காணாமல் போகும். இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. லினக்ஸில் இடைமுகத்தின் பெயர் 15 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. பதின்மூன்று எழுத்துகளாக நீண்டுவிட்ட ஓர் அட்டைப் பெயரோடு, புள்ளி வைத்து மூன்று இலக்க விலேன் எண்ணைச் சேர்த்தால் அது 17 ஆகிவிடும். அந்த விலேன் இடைமுகம் உருவாகவே உருவாகாது. புதிய பெயரைக் கோப்பில் சரியாகத் திருத்திய பிறகும் ஒரு விலேன் மட்டும் எழவில்லை என்றால் முதலில் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்.

இதைத் தவிர்க்க, மேம்படுத்தும் முன்பே மேக் முகவரியைக் (அட்டையின் வன்பொருள் அடையாள எண்) கொண்டு பெயரை நிலைப்படுத்திவிடுவது நல்லது. 9-இல் இதற்கென்றே பெயர்களை ‘நிக்0’, ‘நிக்1’ என்று கட்டிப்போடும் கருவி ஒன்று வந்திருக்கிறது. 8-இல் நீங்களே சிஸ்டம்டியின் லிங்க் கோப்பு எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதும்போது மேக் முகவரியோடு, சாதனத்தின் வகை ஈதர் என்ற நிபந்தனையையும் சேர்க்க மறவாதீர்கள். பிரிட்ஜும் விலேன் இடைமுகமும் கீழுள்ள அட்டையின் மேக் முகவரியையே ஏந்தியிருக்கக்கூடும் என்பதால், நிபந்தனை இல்லாத விதி அவற்றின் மீதும் பாயும். எதுவாயினும், இந்த மறுதுவக்கத்தை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் தனி வழி) அல்லது நேரடித் திரை கையில் இல்லாமல் செய்யாதீர்கள்.

பாண்டைப் பற்றி ஒரே ஒரு செய்தி. எல்ஏசிபி (ஸ்விட்சுடன் உடன்பட்டுக் கம்பிகளை இணைக்கும் நெறிமுறை) பாண்டில் இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் ஸ்விட்சுடன் உடன்பட்டிருந்தாலும் பிங் குறையின்றி ஓடும். எனவே ப்ராக் அடைவில் உள்ள பாண்டின் நிலைக் கோப்பைத் திறந்து, இரண்டு அட்டைகளும் ஒரே ஆக்ரிகேட்டர் எண்ணில் இருக்கின்றனவா, எதிர்முனை மேக் முகவரி எல்லாம் சுழியாக இல்லாமல் உண்மையான முகவரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கம்பியைக் கழற்றிப் பாருங்கள், அதை மாட்டிவிட்டு மற்றதையும் கழற்றிப் பாருங்கள். நோடு காலியாக இருக்கும்போது இதைச் செய்யாமல் வேறெப்போது செய்வது?

இனி முக்கியமான பகுதி. க்யூஎமு ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு மதர்போர்டைப் பாவனை செய்கிறது. அதன் வகை பழைய ஐ440எஃப்எக்ஸ் ஆகவோ க்யூ35 ஆகவோ இருக்கும். வகையோடு ஒரு பதிப்பு எண்ணும் உண்டு. பதிப்பு மாறினால், பிசிஐ சாதனங்கள் விருந்தினர் இயங்குதளத்துக்கு (மெய்நிகர் கணினிக்குள் ஓடுவது) அறிமுகமாகும் விதம் சற்றே மாறக்கூடும். பிராக்ஸ்மாக்ஸில் வலை அட்டையைக் கொண்ட ஐ440எஃப்எக்ஸ் லினக்ஸ் கணினியில் இடைமுகப் பெயர் ‘ஈஎன்எஸ்18’ என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 18 வேறொன்றுமில்லை, முதல் வலை அட்டை அமர்ந்திருக்கும் பிசிஐ இடத்தின் எண். அதே கணினியை க்யூ35-க்கு மாற்றினால் பெயர் மாறும். நெட்பிளானிலோ இன்டர்ஃபேசஸ் கோப்பிலோ பழைய பெயரை எழுதி வைத்திருந்தால், கணினி எழும், வலை எழாது. ஆக, விருந்தினரின் வலையமைப்பு நேரடியாக இந்தப் பாவனை வன்பொருளின் அமைப்பைச் சார்ந்திருக்கிறது.

விண்டோஸில் இதன் விளைவு இன்னும் வேடிக்கையானது. க்யூஎமு 5.2 பிசிஐ சாதனங்களின் ஏசிபிஐ அடையாளத்தை (இயங்குதளம் சாதனத்தை இனங்காணும் குறி) விதிமுறைக்கு ஏற்பத் திருத்தியது. திருத்தம் சரிதான், ஆனால் விண்டோஸ் தன் பழைய வலை அட்டையைப் புதிய அட்டை என்று எண்ணிக்கொண்டு, நிலையான ஐபி அமைப்பைப் பழையதோடு புதைத்துவிட்டு, புதியதை டிஹெச்சிபிக்கு (முகவரியைத் தானாகப் பெறும் முறை) விட்டது. பழைய முகவரியை மீண்டும் தட்டச்சு செய்தால், அது வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வரும். அந்த அடாப்டரோ திரையில் எங்கும் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால்தான் மங்கலாக அது தென்படும். அங்கே அதை நீக்கியாக வேண்டும். இந்த அனுபவத்துக்குப் பின்புதான் 2021-இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 6.4 முதல், விண்டோஸ் கணினிகளை உருவாக்கும்போதே மெஷின் பதிப்பை அந்தக் கணினியின் அமைப்பில் பதித்துவிடுகிறார்கள். லினக்ஸ் கணினிகளுக்கு அப்படிப் பதிப்பதில்லை. அவை ஒவ்வொரு முறை முழுமையாக அணைந்து துவங்கும்போதும் அந்த நோடில் இருப்பதில் மிகப் புதிய பதிப்பை எடுத்துக்கொள்கின்றன.

இங்கே ‘முழுமையாக அணைந்து துவங்கும்போது’ என்ற சொற்களை அழுத்திப் படியுங்கள். விருந்தினருக்குள் இருந்து மறுதுவக்கம் செய்தால் க்யூஎமு செயல்முறை அப்படியே இருக்கும். மெஷின் பதிப்பும் அப்படியே இருக்கும். லைவ் மைக்ரேஷனிலும் அப்படியே. க்யூஎம் கட்டளையில் விரிவான நிலையைக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் க்யூஎமு எது, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் பதிப்பு எது என்று இரண்டு வரிகள் தனித்தனியே வரும். உங்கள் சோதனைக் கணினியில் இப்போது அதைப் பார்த்தால், க்யூஎமு 10 என்றும் மெஷின் பதிப்பு 9-ஏதோ என்றும் இருக்கும். அந்த இரண்டாம் வரி புதியதாக மாறும் வரை மூன்றாம் அடுக்கு சோதிக்கப்படவில்லை என்று பொருள். அப்படிச் சோதிக்காமல் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டால், மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் வேறு காரணத்துக்காக ஒரு கணினியை அணைத்துத் துவக்கும் நாளில் வலை அறுந்துபோகும். அன்றைக்கு யாருக்கும் இந்த மேம்படுத்தல் நினைவுக்கு வராது.

எனவே ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு பிரதியைச் சோதியுங்கள்: பழைய விண்டோஸ் சர்வர் ஒன்று, புதியது ஒன்று, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலிலும் ஒன்று, ஃபயர்வால் அப்ளையன்ஸ் ஏதேனும் மெய்நிகராக ஓடினால் அது கட்டாயம். குளோன் செய்தால் மேக் முகவரி மாறிவிடும் என்பதால், பேக்கப்பிலிருந்து மீட்கும்போது தனித்துவ மதிப்புகளைப் புதிதாக்காமல், ஆனால் வெளி இணைப்பு இல்லாத தனி பிரிட்ஜில் பொருத்தி மீட்டெடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மேக்கும் ஒரே ஐபியும் இரண்டு இடங்களில் இருந்து உற்பத்திக் கணினியையே அலைக்கழிக்கும். மீட்டெடுத்ததை 9-இல் குளிர்ந்த நிலையிலிருந்து, அதாவது முழுமையாக அணைந்த நிலையிலிருந்து, துவக்கி, இடைமுகப் பெயர், ஐபி, இயல்பு வழி, டிஎன்எஸ் நான்கும் பழையபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். விண்டோஸில் மெஷின் பதிப்பைப் பதித்தபடி ஒரு முறையும், புதியதாக உயர்த்தி ஒரு முறையும் பார்ப்பது நல்லது. ஏனெனில் க்யூஎமு திட்டத்தின் கொள்கைப்படி, மெஷின் பதிப்புகள் மூன்று ஆண்டுகளில் கைவிடத்தக்கவையாக அறிவிக்கப்பட்டு ஆறு ஆண்டுகளில் நீக்கப்படுகின்றன. 5-க்கு அருகில் பதிக்கப்பட்ட கணினிகளை என்றாவது உயர்த்தியே ஆக வேண்டும்.

9-இல் இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று இருக்கிறது. சேமிப்பகத்துக்காக பிரிட்ஜில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த விர்ட்ஐஓ வலை அட்டையில் எம்டியூ புலத்தைக் காலியாக விட்டிருந்தால், முன்பு அது 1500 என்று கொள்ளப்பட்டது. 9-இல் அது பிரிட்ஜின் எம்டியூவைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதாவது நேற்று வரை 1500-இல் பேசிய கணினி, குளிர்ந்த துவக்கத்துக்குப் பின் 9000-இல் பேசத் தொடங்கக்கூடும். இது உடனே தெரியாமல் போவதற்கு டிசிபியின் நற்குணம்தான் காரணம்: இணைப்பின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு முனையும் தன்னால் ஏற்க முடிந்த துண்டின் அளவைச் சொல்லிவிடுவதால், எதிர்முனை 1500 எனில் இந்தப் பக்கமும் அடங்கிப் பேசுகிறது. இணையத்திலிருந்து வரும் உலாவிகளுக்கு எந்தச் சிக்கலும் தெரியாது. ஆனால் அதே விலேனில் 1500-இல் இருக்கும் பழைய சர்வருக்கு இந்தக் கணினி ஒரு பெரிய யூடிபி செய்தியை அனுப்பினால், அது உடைக்கப்படாமல் ஒரே சட்டகமாகப் போய் எதிர்முனையில் ஓசையின்றி விழும். அதேபோல் இரு முனைகளும் 9000 ஆகி நடுவில் உள்ள ரவுட்டரின் இடைமுகம் 1500-இல் இருந்தால், எஸ்எஸ்ஹெச் இணைப்பு தொடங்கி, சாவி பரிமாற்றத்தில் அசையாமல் நின்றுவிடும். சிறிய பிங் இரண்டு நிலையிலும் பிரமாதமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சோதிக்க, பிங்கில் துண்டாக்கலைத் தடுக்கும் தெரிவோடு, 1500-க்கு 1472 பைட்டும் 9000-க்கு 8972 பைட்டும் வைத்து அனுப்புங்கள். ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 என 28 பைட் கழிந்த கணக்கு அது. 1472 எல்லா இடத்துக்கும் போக வேண்டும். 8972 எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் போக வேண்டும். போகக் கூடாத இடத்துக்கு அனுப்பும்போது ‘செய்தி மிக நீளம்’ என்ற பிழை உடனே வந்தால் நலம், பதிலே இல்லாமல் மௌனமாக இருந்தால் அங்கேதான் கோளாறு. பெரிய பாக்கெட் தேவைப்படாத கணினிகளுக்கு மேம்படுத்தும் முன்பே எம்டியூ புலத்தில் 1500 என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே என் பரிந்துரை. விஎக்ஸ்லேன் (ஒரு வலையின் சட்டகங்களை வேறொரு வலையின் பாக்கெட்டுக்குள் உறையிட்டு அனுப்பும் முறை) பயன்படுத்துவோர் அதன் உறைக்காக 50 பைட்டைக் கழித்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

வேகச் சோதனைக்கு ஐபெர்ஃப்3 போதும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பல இணை ஓட்டங்களை அது தனித்தனித் திரெட்களில் நடத்தத் தொடங்கியது 3.16 பதிப்பிலிருந்துதான். டெபியன் 12-இல் இருப்பது 3.12, டெபியன் 13-இல் இருப்பது 3.16-க்குப் பிந்தையது. எனவே 8 நோடிலும் 9 நோடிலும் அவரவர் ஐபெர்ஃப்பைக் கொண்டு எட்டு ஓட்டங்களாக அளந்து, ‘9-இல் வலை வேகமாகிவிட்டது’ என்று மகிழ்ந்தால், வேகமானது கருவியாக இருக்கலாம். ஒரே பதிப்புள்ள கருவியை இரு பக்கமும் வையுங்கள்; அதைவிட நல்லது, நோடுகளை விட்டுவிட்டு மாறாத இரண்டு மெய்நிகர் கணினிகளுக்குள் அளப்பது. ஒரே நோடில் இரண்டும் இருக்கும்போது, வெவ்வேறு நோடில் இருக்கும்போது, திசையைத் திருப்பி என்று அளந்து, மறு அனுப்பல் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்ஏசிபி பாண்டில் ஓர் ஓட்டம் ஒரு கம்பியைத் தாண்டாது என்பதை நினைவில் வையுங்கள். அது பழுது அன்று.

வேகம் உண்மையிலேயே சரிந்திருந்தால், எத்டூல் கட்டளை மூலம் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ ஆகிய ஆஃப்லோடுகளை (பாக்கெட்களைப் பிரிக்கும், சேர்க்கும் வேலையின் சுமையைக் குறைக்கும் வசதிகள்) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சிறிய ஆஃபீஸ் கணினிகளில் வரும் இன்டெல் ஐ219 வகை அட்டைகள், கனமான போக்குவரத்தில் ‘ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்று கெர்னல் பதிவில் புலம்புவது பலரும் கண்டது. டிஎஸ்ஓவை அணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை டேப் இடைமுகத்தில் (மெய்நிகர் அட்டையின் நோடு பக்க முனை) ஓடவிட்டு 1500-ஐ விடப் பெரிய பாக்கெட்களையும் தவறான செக்சம்களையும் கண்டு பதற வேண்டாம். ஆஃப்லோடு இருக்கும் வரை அப்படித்தான் தெரியும். அட்டையை விட்டு வெளியேறிய பின் என்ன போகிறது என்பதை எதிர்முனையில் பிடித்துப் பார்ப்பதே நம்பகமானது.

மைக்ரேஷனைப் பொறுத்தவரை, 8-இலிருந்து 9-க்கு நகர்வது ஆதரிக்கப்படுகிறது. 9-இலிருந்து 8-க்கு உயிரோடு திரும்பி வருவது ஆதரிக்கப்படுவதில்லை. அது சில வேளை நடந்துவிடும் என்பதற்காக அதைத் திரும்பும் வழியாகத் திட்டத்தில் எழுதாதீர்கள். நகர்ந்த பின், க்யூஎமு அந்தக் கணினியின் மேக் முகவரியை ஆர்ஏஆர்பி என்ற ஒளிபரப்புச் செய்தி வடிவில் சில முறை அறிவித்து ஸ்விட்சுகளுக்குப் புதிய இடத்தைத் தெரிவிக்கிறது. ஆனால் அது அறிவிப்பது மெய்நிகர் அட்டையின் சொந்த மேக்கை மட்டுமே. கணினிக்குள் மேக்விலேன் முறையில் (ஒவ்வொன்றுக்கும் தனி மேக்) கன்டெய்னர்களோ, உள்ளுக்குள் இன்னொரு ஹைப்பர்வைசரோ இருந்தால், அவற்றின் மேக் முகவரிகள் தாமாகப் பேசும் வரை ஸ்விட்ச் அவற்றைப் பழைய போர்ட்டிலேயே தேடிக்கொண்டிருக்கும். உங்கள் பட்டியலில் அப்படி ஏதேனும் இருந்தால், அதைச் சோதனைக் கணினிகளுள் ஒன்றாகச் சேர்த்து, வெளியிலிருந்து உள் கன்டெய்னருக்கு பிங் ஓடவிட்டபடி நகர்த்திப் பாருங்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் ஃபயர்வாலை இயக்கியிருப்பவர்கள் அனுமதிக்கப்பட்ட இணைப்பை மட்டுமன்றி, தடுக்கப்பட வேண்டிய இணைப்பையும் முயன்று பார்க்க வேண்டும். மேம்படுத்தலுக்குப் பின் எல்லாம் திறந்து கிடந்தால் பயனர் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

கிளஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோடை ஹெச்ஏவின் (நோடு விழுந்தால் அதன் கணினிகளை வேறு நோடில் எழுப்பும் வசதி) பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பின் தொடங்குங்கள். ஹெச்ஏ கணினிகள் ஓடும் நோடில் வலையமைப்பை அறுத்தால், கோரம் (பெரும்பான்மை நோடுகளுடனான தொடர்பு) இழந்து அந்த நோடு தன்னைத்தானே மறுதுவக்கம் செய்துகொள்ளும். நோடுகளை ஒத்திசைக்கும் கோரோசிங்க் ஓடும் வலையும் மெய்நிகர் கணினிகளின் வலையும் ஒன்றாக இருந்தால், உங்கள் ஐபெர்ஃப் சோதனையே அந்த நிலையை வரவழைக்கலாம் என்பதால் அளவீட்டை வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். உயர்த்திய நோடை அப்படியே விட்டு, மீதமுள்ள இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். 8-க்கான ஆதரவு 2026 ஆகஸ்டு வரை உண்டு. சோதனைப் பிரதிகள் குளிர்ந்த துவக்கத்தில் தேறியபின், முக்கியமற்ற உற்பத்திக் கணினிகளை நகர்த்தி, அடுத்த பராமரிப்பு நேரத்தில் அவற்றை நீங்களே அணைத்துத் துவக்குங்கள். ஏதேனும் ஒரு கணினி 9-இல் மட்டும் வலையைத் தொலைத்தால், அதன் மெஷின் பதிப்பை 8.4-இல் ஓடிய பதிப்பிலேயே பதித்துத் துவக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கோளாறு மூன்றாம் அடுக்கில். அந்தக் கணினியைப் பதித்தபடியே ஓடவிட்டு, உள்ளமைப்பை நிதானமாகத் திருத்தலாம். சரியாகவில்லையெனில், நோடைக் காலி செய்து 6.8 கெர்னலில் துவக்கி மீண்டும் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால், ஐஃப்கொரி கட்டளையின் சரிபார்ப்புத் தெரிவைக் கொண்டு அமைப்புக் கோப்பில் எழுதியதும் நடப்பில் இருப்பதும் எங்கே முரண்படுகின்றன என்று வரிவரியாகப் பாருங்கள். நோடையே 8-க்குத் திருப்புவது என்றால் அதைக் கிளஸ்டரிலிருந்து நீக்கி மறுபடி நிறுவுவதுதான் ஒரே வழி. அதற்காக அதன் இன்டர்ஃபேசஸ் கோப்பு, லிங்க் கோப்புகள், சேமிப்பக அமைப்பு ஆகியவற்றின் பிரதியை அந்த நோடுக்கு வெளியே இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.